தென்கடலில் மூன்று மிதவைகள்: பொய்யாக அடித்த மணியும் மெய்யாக அடிக்காத மணியும்

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை. மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தில், மீன் பிடிக்கக் கடலுக்குள் இறக்கியிருந்த கூடுகளைத் தூக்கியவர்கள் உள்ளே செத்த மீன்களைக் கண்டார்கள். ஓரா, விளமீன், களவா எல்லாம் கலந்து கிடந்தன. அப்போதுதான் செத்த மீனென்றால் விற்றுவிடலாம். இரவே செத்துக் கூட்டுக்குள் ஊறிப்போன மீனை ஏலத்தில் யாரும் தொட மாட்டார்கள்.

அந்தக் கூடுகளுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் மிதவை ஒன்று நின்றுகொண்டிருந்தது. தண்ணீரில் ஆக்சிஜன் இறங்குவதை அது முந்தைய நாள் இரவே அளந்திருந்தது. அளந்ததைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பியும் இருந்தது. மீன் சாவதற்கு ஒரு முழுப் பகல் முன்பே அந்த எண் எங்கள் சர்வரில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் கரையில் ஒருவருக்கும் எச்சரிக்கை போகவில்லை.

கருவி வேலை செய்தது, செயற்கைக்கோள் வேலை செய்தது, சர்வரும் வேலை செய்தது. அப்படியும் ஏன் இப்படி ஆயிற்று என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். கடலோரத்தில் இதுபோன்ற கருவிகளை வைக்கப்போகிறவர்களுக்கு எங்கள் தவறு பயன்பட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

இந்தக் கடலுக்கு ஏன் மிதவை

இராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், தெற்கே மன்னார் வளைகுடா தென்கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை வந்தால் நேர்மாறு. எங்கள் மிதவைகள் தென்கடலில் இருந்தன.

இராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 தீவுகள். 1986-ல் அவற்றைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் அதைவிடப் பெரிய பரப்பு, 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அந்த 21-ல் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. கீழக்கரைக் கூட்டத்தைச் சேர்ந்த பூவரசன்பட்டி ஒன்று, தூத்துக்குடிப் பக்கத்து விலங்குச்சல்லி இன்னொன்று. பவளத்தை வெட்டி எடுத்த காலமும் அலை அரித்த காலமும் சேர்ந்து செய்த வேலை அது.

பவளத் திட்டுகளான பார்களுக்கும் கரைக்கும் நடுவில் மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் தாழை விரிந்து கிடக்கிறது. புத்தகங்கள் கடற்புல் என்று எழுதும். கரையில் அது தாழைதான். ஆவுளியா என்னும் கடற்பசு மேய்வதும், ஓராக் குஞ்சு வளர்வதும், நண்டு ஒளிவதும் அதில்தான். பாருக்குக் கிடைக்கிற கவனத்தில் பாதிகூடத் தாழைக்குக் கிடைப்பதில்லை என்பது என் நீண்ட நாள் ஆதங்கம்.

1998, 2010, 2016 கோடைகளில் இங்கே சூடு தாங்காமல் பவளம் பெரிய அளவில் நிறமிழந்து வெளுத்தது. 2019 செப்டம்பரில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாக மாறி, பாம்பன் பக்கம் மீன்கள் செத்துக் கரையொதுங்கின. இப்படிப்பட்ட நேரங்களில் என்ன நடக்கிறது என்று வானத்திலிருந்து பார்க்க முடியாதா என்று பலர் கேட்பார்கள். பார்க்கலாம், ஓரளவுக்கு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல் மேற்பரப்பின் வெப்பத்தை வைத்துப் பவள வெளுப்பு எச்சரிக்கை தருகிறது. அமெரிக்காவின் நோவா அமைப்பும் தருகிறது. நோவாவின் படத்தில் ஒரு கட்டம் 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர், அதாவது 2500 ஹெக்டேர். நம் தீவுகளில் மிகப் பெரியதான முசல் தீவே ஏறத்தாழ 130 ஹெக்டேர்தான். தீவும் பாரும் தாழையும் கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் செயற்கைக்கோள் காண்பது தண்ணீரின் மேல்தோலை மட்டும். ஐப்பசி மேகம் மூடினால் நிறத்தைப் பார்க்கும் கண்ணும் அடைந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேல், நீரில் கரைந்த ஆக்சிஜனை வானத்திலிருந்து அளக்கவே முடியாது. அதற்குத் தண்ணீருக்குள் ஒரு சென்சார் இருந்தாக வேண்டும்.

என்ன வைத்தோம், எப்படிப் பேச வைத்தோம்

எங்களுடையது சிறு குழு. மாசி மாதம், கடல் இரு பக்கமும் அடங்கியிருந்த நேரத்தில், பூங்கா எல்லைக்கு வெளியே தாழைப் பரப்பில் மூன்று மிதவைகளை இறக்கினோம். நீல நிற டிரம், மேலே சிறு சூரியத்தகடு, ஆண்டெனா, உள்ளே மின்கலமும் மின்னணுப் பலகையும். கீழே தரைக்கு ஒரு மீட்டர் மேலே தொங்கும் பி.வி.சி. கூண்டில் மூன்று சென்சார்கள்: வெப்பம், உப்பு, ஆக்சிஜன். நங்கூரமாக சிமென்ட் கட்டை.

கடல்நீரில் ரேடியோ அலை போகாது. சில சென்டிமீட்டரில் அடங்கிவிடும். அதனால் சென்சாரிலிருந்து மிதவைக்குக் கம்பி, மிதவையிலிருந்து வெளியே ரேடியோ என்பதுதான் வழி. கரைக்கு அருகில் இருந்த இரண்டு மிதவைகளும் லோரா என்னும் குறைந்த மின்சக்தி ரேடியோவில் பேசின. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கு உரிமம் தேவையில்லை. கரையில் ஒரு மாடி வீட்டுக் கூரையில் நிலையம் வைத்தோம். அங்கிருந்து செல்பேசி வலை வழியாகச் சர்வருக்கு.

மூன்றாவது மிதவை தள்ளி நின்றது. அலை எழுந்தால் அதன் ஆண்டெனா பள்ளத்தில் மறைந்து லோரா அறுந்துபோயிற்று. அதற்கு மட்டும்தான் செயற்கைக்கோள். இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் தீவுகள் இருக்கும் இந்தக் கடலில் எல்லா மிதவைக்கும் செயற்கைக்கோள் வைப்பது வீண் செலவு. எட்டாத இடத்துக்கு ஒன்றும், புயலில் கோபுரம் சாய்ந்தால் கைகொடுக்கக் கரை நிலையத்தில் ஒன்றும் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்சாரமும் செல்பேசியும் ஒன்றாகப் போனதை நாம் பார்த்தோம்.

எந்தச் செயற்கைக்கோள் என்பதிலும் நிறைய யோசித்தோம். வானிலைத் துறையின் தானியங்கி நிலையங்கள் இன்சாட் வழியாகப் பேசுகின்றன. 36,000 கிலோமீட்டர் உயரத்தில், இராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும் கோள்கள் அவை. ஆழ்கடலில் சென்னை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 1990-களின் பின்பாதியிலிருந்து நிறுத்திவரும் மிதவைகளும் செயற்கைக்கோளை நம்பியே இருக்கின்றன. ஆமைகளின் முதுகில் ஒட்டும் கருவிகள் ஆர்கோஸ் என்ற அமைப்பில் பேசும். நம் சரள் கோளும் 2022 நவம்பரில் போன ஓஷன்சாட்-3-ம் அந்த ஆர்கோஸ் கருவியைச் சுமந்து சென்றவைதான். ஆனால் ஆர்கோஸ் கோள்கள் துருவத்தைச் சுற்றுபவை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க தலைக்கு மேல் வரும் முறைகள் குறையும். ஆமை எங்கே போகிறது என்று அறிய அது போதும். இரவில் ஆக்சிஜன் விழுவதைச் சொல்லப் போதாது. கடைசியில் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 கோள்களாகச் சுற்றும் இரிடியத்துக்கு வந்தோம். உரிமமில்லாமல் செயற்கைக்கோள் கருவி வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். இலங்கை எல்லை கண்ணுக்கெட்டும் இந்தக் கடலில் கேட்கவே வேண்டாம். அனுமதி கைக்கு வந்த பிறகே கருவியைத் தொட்டோம். இதில் யாரும் குறுக்குவழி தேடக் கூடாது.

சிறு மோடத்தில் ஒரு செய்திக்கு 340 பைட்தான் இடம். அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், தமிழில் ஒரு குறியீடு மூன்று பைட் எடுக்கும்; 113 குறியீடுகளோடு இடம் தீர்ந்தது. அதற்கும் பைட் கணக்கில் காசு. காசை மிச்சம் பிடிக்க நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். கருவி கால் மணிக்கு ஒருமுறை அளக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்த ஆறு மணி நேரத்தின் மிகக் குறைந்த ஆக்சிஜன் அளவை மட்டும் அனுப்பும். ஆபத்து என்பது ஆக்சிஜன் குறைவதுதானே, அப்புறம் மற்ற எண் எதற்கு என்று நினைத்தோம். பின்னால் வந்த எல்லாமே இந்த இடத்தில் தொடங்கியவை.

சித்திரை

29 டிகிரி சூட்டில் கடல்நீர் காற்றோடு சமநிலையில் இருந்தால் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் இருக்கும். 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சு முட்டும். எங்கள் எச்சரிக்கைக் கோடு 2.

தாழை பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை விடும். நல்ல வெயில் நாளில் மதியம் முக்குளித்துப் பார்த்தால் இலையில் குமிழ் ஒட்டியிருப்பது தெரியும். இரவில் அதே தாழையும் அதில் வாழும் எல்லாமும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் மதியம் மூன்று மணி வாக்கில் உச்சம், விடியுமுன் அடி. இந்த ஏற்ற இறக்கம் அந்தத் தண்ணீரின் மூச்சு. அதை நாங்கள் படித்திருந்தோம், எதிர்பார்த்தும் இருந்தோம்.

சித்திரை நடுவில் மூன்றாவது மிதவையின் விடிகாலை எண் 3 ஆயிற்று, பிறகு 2.6, பிறகு 2.1. ஒரு நாள் காலை 1.4. மணி அடித்துவிட்டது. படபடப்போடு ஊருக்குப் போன் செய்தோம். கூடு போட்டவர்கள் நம்பினார்கள். அன்றே படகெடுத்துப் போய்க் கூடுகளைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீனுக்குத்தான் விலை. ஆண்டில் அவர்கள் நாலு காசு பார்க்கிற நாட்களில் இரண்டு நாள் போயிற்று.

மிதவையைப் போய்ப் பார்த்தோம். தண்ணீர் தெளிவாக இருந்தது, மீன் துள்ளிக்கொண்டிருந்தது. எங்கள் படகோட்டி அண்ணன் கயிற்றை இழுத்துக் கூண்டை மேலே தூக்கினார். கூண்டே தெரியவில்லை. பாசி கம்பளி போல மூடியிருந்தது. அதற்குக் கீழே கொட்டலசு என்னும் ஓட்டுயிர் அப்பியிருந்தது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, கடலுக்கு ஒண்ணும் ஆகல. ஒங்க டப்பாதான் மூச்சு முட்டிப் போய்க் கெடக்கு."

அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. சென்சாரின் முகத்தை மூடிய பாசி இரவெல்லாம் தன்னைச் சுற்றியிருந்த சொட்டு நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டிருந்தது. சென்சார் கடலை அளக்கவில்லை. தன் மேல் போர்த்தியிருந்த கம்பளியை அளந்துகொண்டிருந்தது. கருவியின் நினைவகத்தில் இருந்த முழு அளவுகளையும் எடுத்துப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. விடிகாலை 1.4 காட்டிய அதே நாள் மதியம் அது 11 காட்டியிருக்கிறது. பாசி பகலில் ஆக்சிஜனை விடுமே! அடி ஒவ்வொரு நாளும் இறங்க இறங்க, உச்சி ஒவ்வொரு நாளும் ஏறியிருக்கிறது. மூச்சுமுட்டும் கடலில் மதியம் 11 வராது. உச்சி எண் ஒன்றை மட்டும் சேர்த்து அனுப்பியிருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே இது அழுக்கு என்று சொல்லியிருக்கலாம். அடியை மட்டும் அனுப்பிக் காசை மிச்சம் பிடித்தோம். அந்தக் காசு இரண்டு நாள் ஊரார் உழைப்பாகப் போயிற்று.

எங்களை ஏமாற்றிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெப்பச் சென்சார் அதே கம்பளிக்குள் இருந்தும் சரியாகவே காட்டியது. பாசிக்குள்ளும் வெளியேயும் வெப்பம் ஒன்றுதான். ஒன்று சரியாக இருக்கவே கருவி முழுவதும் சரி என்று எடுத்துக்கொண்டோம்.

கச்சான்

வைகாசி பிற்பாதியில் கச்சான் கிளம்பியது. அந்த மாதங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு சம்பவங்களைத் தவிர.

ஒரு நாள் மூன்றாவது மிதவையின் செய்தியோடு வரும் இட எண் நகரத் தொடங்கியது. கயிறு சிமென்ட் கட்டையின் வளையத்தில் உரசி உரசி அறுந்திருந்தது. ஆறு மணிக்கு ஒருமுறை வந்த புள்ளிகளைக் கோடு போட்டு, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் போகிறது என்று படகோட்டி அண்ணனிடம் கேட்டோம். அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எந்தத் தீவின் பின்புறம் போய் நிற்கும் என்று சொன்னார். அங்கேதான் கிடைத்தது. இட எண்ணுக்காக நாங்கள் செலவிட்ட சில பைட்டுகள் ஒரு மிதவையைக் காப்பாற்றின. இப்போது கயிற்றின் அடிப்பகுதியில் சங்கிலி போட்டிருக்கிறோம்.

மற்றது இதைவிட முக்கியமானது. கரைப் பக்கத்து மிதவையின் நங்கூரத்தில் ஒரு நண்டு வலை சிக்கிக் கிழிந்தது. வலைக்காரர் வந்து கேட்டார், நியாயமாகவே கேட்டார். இடம் தேர்ந்தபோது நாங்கள் வரைபடத்தைப் பார்த்தோம், ஆழத்தைப் பார்த்தோம், வலை போடும் தடத்தை யாரிடமும் கேட்கவில்லை. வலைக்குப் பணம் கொடுத்தோம். மிதவையை அவரே காட்டிய இடத்துக்கு மாற்றினோம். "இங்க சேறு, இங்க யாரும் வல போட மாட்டோம்" என்று அவர் காட்டிய இடம் அளவுக்கும் ஒத்துவந்தது. கடலில் நிறுத்திய கருவிகள் சேதப்படும்போது மீனவர்களைக் குறை சொல்வது வழக்கமாகியிருக்கிறது. மிதவையின் நிழலில் மீன் சேரும், அதனால் படகு அங்கே வரத்தான் செய்யும். அதை முன்கூட்டி நினைத்து வேலை செய்வது கருவி வைப்பவர் பொறுப்பு.

ஐப்பசி

சித்திரையில் பட்ட சூட்டுக்குப் பிறகு நாங்கள் பயந்துபோயிருந்தோம். இன்னொரு பொய் எச்சரிக்கை போனால் ஊர் எங்களைத் திரும்பிப் பார்க்காது. அதனால் விதியை இறுக்கினோம். 2-க்குக் கீழே ஒரு செய்தி வந்தால் போதாது; தொடர்ந்து மூன்று செய்திகள் வந்தால்தான் மணி அடிக்கும். கூண்டைச் சுற்றிச் செம்புத் தகடு வைத்தோம், பாசி பிடிப்பது குறைந்தது. ஆனால் செய்தியின் உள்ளடக்கத்தை மாற்றவில்லை. அப்போதும் அடி எண் மட்டும்தான். மென்பொருளைக் கடலிலிருந்து எடுத்து மாற்ற வேண்டும், கச்சான் அடங்கட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டோம். தள்ளிப்போட்டவன் நான்.

கச்சான் ஓய்ந்து வாடை இன்னும் தொடங்காத இடைவெளி. காற்றே இல்லை. நான்கைந்து நாள் மேகம் மூடிக்கிடந்தது, மழையும் பெய்யவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடந்தது. இங்கே கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கமே ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் தண்ணீர் மாறுவதும் மெதுவாகத்தான். கச்சான் அறுத்துப் போட்ட தாழை கரையோரம் மெத்தை மெத்தையாகக் குவிந்து அழுகிக்கொண்டிருந்தது. வெயில் இல்லாததால் தாழை பகலில் விடும் ஆக்சிஜன் குறைவு, இரவில் எடுப்பது மட்டும் குறையவில்லை. அழுகலும் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டது. காற்று இருந்தால் அலை கலக்கி ஈடுகட்டும், அதுவும் இல்லை.

முதல் இரவு. நள்ளிரவு முதல் காலை ஆறு வரையிலான அடி 1.8. ஆறு முதல் நண்பகல் வரை 1.9. மதியத்துக்கு மேல் 2.9. இரண்டு செய்திகள் கோட்டுக்குக் கீழே, மூன்றாவது மேலே. எங்கள் விதிப்படி எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பிவிட்டது. தாழைப் பரப்பில் மதியம் ஆக்சிஜன் ஏறத்தான் செய்யும். தினமும் மூச்சு விடும் தண்ணீரில், தொடர்ந்து பதினெட்டு மணி நேரம் குறைந்திருந்தால்தான் நம்புவேன் என்று ஒரு விதியை எழுதியிருந்தோம். கடலின் இயல்பைத் தெரிந்துகொண்டே அதற்கு எதிராக எழுதிய விதி அது. இரண்டாம் இரவு இன்னும் கீழே போயிற்று. கூடுகளை இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் தூக்குவார்கள். வெளியில் இருந்த மீன் நீந்தி விலகியிருக்கும். கூட்டுக்குள் இருந்தது எங்கே போகும்?

மணி அடிக்காத அந்தப் பகலில் ஒரு போன் வந்தது. பாசி எடுக்கும் அக்கா ஒருவர். இந்தக் கரையில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கும் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீரில் முக்குளிப்பவர்கள். கடலடியைத் தினமும் கண்ணால் பார்ப்பவர்கள். "தம்பி, குஞ்சு மீனெல்லாம் கரையோரம் வந்து மேல வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. நண்டு கல்லு மேல ஏறி ஒக்காந்திருக்கு. தாழ அழுகி முட்ட நாத்தம் அடிக்குது. ஒங்க மிசினு என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். எச்சரிக்கை என்ற இடத்தில் பச்சை விளக்கு. "ஒண்ணும் இல்லக்கா, சரியாத்தான் காட்டுது" என்றேன்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரின் பாடப்புத்தக அடையாளம். மேற்பரப்பில் காற்றோடு தொட்டிருக்கும் மெல்லிய படலத்தில்தான் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும், அதனால் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். நண்டு தண்ணீரை விட்டே ஏறும். முட்டை நாற்றம் என்பது ஆக்சிஜன் இல்லாத சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் பச்சை விளக்கை நம்பினேன். விளக்குக்குப் பின்னால் இருந்த 1.8-ஐத் திறந்து பார்த்திருந்தால் போதும். அந்த அக்காவிடம் மறுநாள் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். கூட்டுக்காரர்களிடமும் கேட்டோம்.

மாற்றியவை

முதல் மாற்றம் செய்தியில். இனி கால் மணிக்கு ஓர் அளவு வீதம் ஆறு மணி நேரத்தின் 24 அளவுகளும் வரும். வெப்பம், உப்பு, ஆக்சிஜன் மூன்றையும் புள்ளி நீக்கி முழு எண்ணாக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் கொடுத்தால் 24 அளவுக்கு 144 பைட். இடமும் மின்கல நிலையும் சேர்ந்தும் 340-க்குள் தாராளமாக அடங்குகிறது. முதல் நாளே இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியும். அதோடு ஆக்சிஜன் 2.5-க்குக் கீழே இறங்கிய உடனே ஆறு மணிக் கெடுவுக்குக் காத்திராமல் மிதவை தனிச் செய்தி அனுப்பும்.

இரண்டாவது, உச்சியையும் அடியையும் சேர்த்துப் பார்க்கிறோம். இரண்டும் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போனால் அது அழுக்கு. துடைக்க ஆள் போக வேண்டும். அடியும் உச்சியும் சேர்ந்து இறங்கினால் அது கடல். இந்த ஒரு வேறுபாடு எங்களுக்கு எட்டு மாதப் பாடம். கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை படகோட்டி அண்ணன் கூண்டைத் துடைப்பார். துடைக்குமுன் ஒரு படம், துடைத்த பின் ஒரு படம், அதே நேரத்தில் கைக்கருவியில் ஓர் அளவு. இதற்குத் திட்டச் செலவில் மாதச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறோம். இப்படிப்பட்ட திட்டங்களில் கருவிக்குப் பணம் கேட்டால் கிடைக்கும், துடைப்பவருக்குக் கேட்டால் கேள்வி வரும். துடைக்காத ஆக்சிஜன் சென்சார் இந்தக் கடலில் கோடையில் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பதைச் சொல்லித்தான் அந்தப் பணத்தை வாங்கினோம். சூரியத்தகட்டில் ஆலாக்கள் வந்து உட்கார்ந்து எச்சமிட்டு மின்சாரம் குறைவதும் உண்டு. அதையும் அவர்தான் கழுவுகிறார்.

மூன்றாவது, மணியை இரண்டாகப் பிரித்தோம். ஒரே ஒரு குறைந்த அளவு வந்தாலும் முதல் மணி அடிக்கும். ஆனால் அது ஊருக்குப் போகாது. கரையில் நான்கு பேருக்குப் போகும். பாசி எடுக்கும் அக்காமார் இருவர், கூட்டுக்காரர் ஒருவர், படகோட்டி அண்ணன். அவர்கள் தண்ணீரைப் பார்த்து, முகர்ந்து, சொல்வார்கள். அவர்களில் ஒருவர் சரியில்லை என்றால் இரண்டாம் மணி. எந்த அளவும் வராதபோதே அவர்களில் ஒருவர் போன் செய்து சரியில்லை என்றாலும் இரண்டாம் மணி அடிக்கும். அவர்கள் சொல்வதும் நேரம் போட்டு அதே சர்வரில், அதே அட்டவணையில், சென்சார் எண்ணுக்குப் பக்கத்தில் பதிவாகிறது.

இரண்டாம் மணி எப்படிப் போகிறது என்பதற்கும் நிறைய நேரம் செலவிட்டோம். லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் என்ற குறுஞ்செய்தியால் யாருக்கும் பயனில்லை. கூட்டுக்காரர் ஒருவரின் குரலிலேயே பதிவு செய்த அழைப்பு போகிறது: "தண்ணி சரியில்ல, இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள கூட்டைத் தூக்கிருங்க." எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை, பேச்சு எல்லாரிடமும் எட்டும். ஏலக்கூடச் சுவரில் ஒரு கரும்பலகையும் இருக்கிறது. காலையில் வெப்பமும் ஆக்சிஜன் நிலையும் சுண்ணாம்புக்கட்டியால் எழுதப்படும். விசைப்படகுகளில் பொருத்துவதற்காக இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்கள் செயற்கைக்கோள் வழியாகவே படகுக்குச் செய்தி தரக்கூடியவை. ஒரு லட்சம் படகுகளில் அவற்றை வைக்கும் நாடு தழுவிய திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கூடு போடுகிறவர்களின் வத்தை என்னும் சிறு படகில் அது இல்லை. அவர்களுக்குப் போனும் கரும்பலகையும்தான்.

எங்கள் முதல் வரைபடத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். கடலடியிலிருந்து மிதவை, மிதவையிலிருந்து 780 கிலோமீட்டர் மேலே, அங்கிருந்து வேறு நாட்டுத் தரைநிலையம், அங்கிருந்து சர்வர், சர்வரிலிருந்து எங்கள் திரை. அம்புக்குறிகள் திரையோடு நின்றுவிட்டன. மிதவைக்குக் கூப்பிடு தூரத்தில் கூடு போட்டவர் அந்தப் படத்தில் எங்கும் இல்லை. இரண்டாவது வரைபடத்தை ஏலக்கூடத்தில் உட்கார்ந்து, யார் எந்த நேரத்தில் எதைத் தெரிந்துகொண்டால் என்ன செய்வார் என்று கேட்டு, அந்த முனையிலிருந்து பின்னோக்கி வரைந்தோம். கூட்டைத் தூக்கப் பொழுது சாயும் வரை நேரம் வேண்டும் என்றார்கள். 2.5 என்ற எண்ணும் உடனடிச் செய்தியும் அந்தப் பதிலிலிருந்துதான் வந்தன.

மூன்றாவது மிதவை இப்போது கரையில், படகோட்டி அண்ணன் வீட்டு வாசலில் கிடக்கிறது. செம்புத் தகட்டை மாற்றி, புது மென்பொருளை ஏற்றிவிட்டோம். தாழைக்கு நடுவே, கூட்டுக்காரர்கள் காட்டிய பள்ளத்தில் இறக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் தண்ணீர் முதலில் கெடும் என்று அவர்கள் சொல்கிறார்கள். வாடை தணிந்த பிறகு, மாசியில் போவதாக இருக்கிறோம்.